பழைய ரசிகர் அடுத்த நுழைவுச்சீட்டை எங்கே வாங்குவது?

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு இருபது, முப்பது ஆண்டுகளாகத் தவறாமல் போய்வரும் ரசிகர்கள் இப்போது ஒரு முடிவெடுக்க வேண்டிய இடத்தில் நிற்கிறார்கள். ஆண்டு பாஸைப் புதுப்பிப்பதா, பாஸை விட்டுவிட்டு எப்போதாவது ஒருமுறை போவதா, அதே ஆர்லாண்டோ பகுதியில் உள்ள போட்டி நிறுவனமான யுனிவர்சலின் பூங்காக்களுக்கு மாறுவதா, கடல் கடந்து டோக்கியோவுக்குப் போவதா, அல்லது பெரிய நிறுவனங்களையே விட்டு விலகிச் சிறிய குடும்பப் பூங்காக்களைத் தேடுவதா? விலை உயர்வு ஒன்றுதான் குறை என்றால் ஒரு கூட்டல் கழித்தலில் விடை கிடைத்துவிடும். ஆனால் அவர்களுடைய மனத்தாங்கலில் இரண்டு பகுதிகள் உண்டு. கொடுக்கும் பணம் கூடிக்கொண்டே போகிறது. முன்பு சீட்டோடு சேர்ந்து வந்த வசதிகளோ ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டுத் தனி விலைக்கு வந்திருக்கின்றன, சில அறவே இல்லாமல் போயிருக்கின்றன. ஆகவே சீட்டுகளின் விலையை மட்டும் வரிசையாக எழுதி ஒப்பிட்டால் விடை தவறிப் போகும். பூங்காவுக்குள் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எவையெல்லாம் போயின என்பதை முதலில் சொல்லிவிடலாம். 1999-இல் அறிமுகமான ஃபாஸ்ட்பாஸ், வரிசையில் காத்திராமல் குறித்த நேரத்தில் வந்து ரைடில் ஏறிக்கொள்ளும் வசதியை எல்லோருக்கும் இலவசமாகத் தந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பூங்காக்கள் மூடப்பட்டபோது நின்ற அந்த வசதி பிறகு திரும்பவேயில்லை. 2021 அக்டோபரில் அதன் இடத்தில் ஜீனி பிளஸ் என்ற கட்டணச் சேவை, ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டாலர் என்று தொடங்கியது. மிகவும் விரும்பப்படும் ரைடுகளுக்கு அதற்கு மேலும் தனிக் கட்டணம் வைக்கப்பட்டது. 2024 ஜூலையில் இவற்றின் பெயர் முறையே லைட்னிங் லேன் மல்டி பாஸ், சிங்கிள் பாஸ் என்று மாறியது. அதே ஆண்டு அக்டோபர் இறுதியில், நேரம் குறிக்காமலே விரைவு வரிசை உள்ள ஒவ்வொரு ரைடிலும் ஒருமுறை ஏற அனுமதிக்கும் பிரீமியர் பாஸ் வந்தது. டிஸ்னி வேர்ல்டின் பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டமில் அதன் தொடக்க விலை நாளைப் பொறுத்து 329 முதல் 449 டாலர் வரை. அதுவும் நுழைவுச்சீட்டுக்கு மேல்.

விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு இலவசமாக அழைத்துச் சென்று, பெட்டிகளையும் அறைக்கே கொண்டுவந்து சேர்த்த மேஜிக்கல் எக்ஸ்பிரஸ் பேருந்து 2005 முதல் ஓடி, 2021-உடன் நிறுத்தப்பட்டது. விடுதி விருந்தினர்களுக்காகச் சில நாட்களில் பூங்காவைக் கூடுதல் நேரம் திறந்துவைத்த வழக்கம், பெரும்பாலான விருந்தினர்களுக்குக் காலையில் அரை மணி நேரமாகச் சுருங்கியது. வரிசையில் நிற்க இயலாதவர்களுக்கான சலுகையின் தகுதி விதிகள் 2024-இல் இறுக்கப்பட்டன. பழைய ரசிகர்களில் வயதானவர்களும் நோயுற்றவர்களும் கணிசமாக இருப்பதால் இது பலருக்குப் பெரிய அடியாக விழுந்தது. 2025 ஜூலையில் மேஜிக் கிங்டமின் நடுவே ஓடிய ஆறும், அதில் மிதந்த நீராவிப் படகும், டாம் சாயர் தீவும் நிரந்தரமாக மூடப்பட்டன. அவற்றின் இடத்தில் ‘கார்ஸ்’ என்ற அனிமேஷன் படத்தைத் தழுவிய புதிய பகுதி எழும்பவிருக்கிறது. அதைக் குறைப்பு என்று சொல்லக்கூடாது, முதலீடு என்று நிறுவனம் வாதிடலாம், வாதம் நியாயமானதும்கூட. ஆனால் அந்த ஆறு, சீட்டு விலைக்கு மேல் எதுவும் கேட்காமல், வரிசையும் இல்லாமல், ஒரு மணி நேரம் மர நிழலில் இருக்கவிட்ட இடம். புதிதாக வரும் ரைடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த வேலையைச் செய்யாது.

இந்தக் கதையில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 1971 அக்டோபர் 1-ஆம் தேதி மேஜிக் கிங்டம் திறக்கப்பட்டபோது பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 3.50 டாலர், விலைவாசி உயர்வைச் சேர்த்தாலும் இன்றைய மதிப்பில் 30 டாலருக்குள் அடங்கும். ஆனால் அந்தக் காசு வாயிலைத் தாண்டுவதற்கு மட்டும்தான். ரைடுகளுக்கு ஏ முதல் ஈ வரை தரம் பிரித்த கூப்பன்கள் இருந்தன. மிகச் சிறந்த ரைடுக்கு ஈ கூப்பன் வேண்டும். 1982-இல் அந்த முறை ஒழிந்து, ஒரே சீட்டில் எல்லாமே என்றானது. இன்றைய ரசிகர்களில் பெரும்பாலோர் வளர்ந்ததும் பழகியதும் அந்த ஏற்பாட்டில்தான். இப்போதைய சிங்கிள் பாஸ், ஈ கூப்பன் வேறு பெயரில் திரும்பி வந்திருப்பதுதான்; அன்று நுழைவு மலிவு, ரைடுக்குத் தனிக் காசு; இன்று நுழைவும் விலை கூடியது, ரைடுக்கும் தனிக் காசு. வரிசையில் நிற்க மனமிருந்தால் இன்றும் கூடுதல் பணமின்றி ஏறலாம் என்பது உண்மையே. ஆனால் பணம் கொடுத்தவர்கள் முன்னே போகப் போக, கொடுக்காதவர்களின் வரிசை மெதுவாகத்தான் நகரும்.

முதல் தெரிவு ஆண்டு பாஸைப் புதுப்பிப்பது. 2019 ஜூனில் டிஸ்னி வேர்ல்டின் பிளாட்டினம் பாஸ் 1,119 டாலர். அதில் விலக்கு நாட்கள் (பாஸ் செல்லாத நாட்கள்) கிடையாது, முன்பதிவு கிடையாது, இலவச ஃபாஸ்ட்பாஸ் உண்டு, பூங்கா ஒளிப்படக்காரர்கள் எடுக்கும் படங்களும் உண்டு. 2021-இல் அதன் இடத்துக்கு வந்த இன்கிரெடி-பாஸ் 1,299 டாலரில் தொடங்கி, 2025 அக்டோபரில் 1,629 டாலரை எட்டியது. படங்கள் இப்போது 99 டாலருக்குத் தனியாக விற்கப்படும் சேர்க்கையாகிவிட்டன. அதையும் சேர்த்தால் 1,700 டாலரைத் தாண்டுகிறது. ஆறு ஆண்டுகளில் ஐம்பது சதவீதத்துக்கு மேல் உயர்வு. அதே காலத்தில் அமெரிக்காவின் பொதுவான விலைவாசி உயர்வு ஏறத்தாழ அதில் பாதிதான். ஃபாஸ்ட்பாஸுக்கு ஈடாக ஒவ்வொரு வருகையிலும் செலவழிக்க வேண்டியதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவேயில்லை.

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் இதில் இருக்கிறது. ஆண்டு பாஸின் உண்மையான பயன், நினைத்த நேரத்தில் போய், ஒரு ரைடும் ஏறாமல்கூடச் சற்று நேரம் சுற்றிவிட்டு, எதையோ சாப்பிட்டுவிட்டு, எதையும் தவறவிட்டோம் என்ற பதைப்பில்லாமல் திரும்புவது. கொரோனாவுக்குப் பின் பூங்கா முன்பதிவு கட்டாயமானது. 2024 ஜனவரியில் தேதி குறித்த சாதாரணச் சீட்டுகளுக்கு அது நீக்கப்பட்டது. பாஸ் வைத்திருப்பவர்களுக்கோ, குறிப்பிட்ட சில நாட்களையும் பெரும்பாலும் பிற்பகல் 2 மணிக்கு மேற்பட்ட நேரத்தையும் தவிர, முன்பதிவு தொடர்ந்தது. ஒருமுறை வந்துபோகிறவருக்குக் கிடைத்த தளர்வு ஆண்டு முழுவதற்கும் முன்பணம் கட்டியவருக்கு முழுதாகக் கிடைக்கவில்லை என்பதை எப்படிப் பார்த்தாலும் நியாயப்படுத்த முடியவில்லை. வேறு மாநிலத்திலிருந்து ஆண்டுக்கு இரண்டு முறை விமானத்தில் வந்து, முறைக்கு ஐந்து நாள் தங்குகிறவருக்கு இந்தப் பாஸ் நாளொன்றுக்கு 160 டாலருக்கு மேல் விழுகிறது. பல நாள் சீட்டு வாங்கினால் நெரிசல் குறைந்த காலங்களில் அதற்கும் குறைவாகவே கிடைக்கும். ஆகவே வெளிமாநில ரசிகருக்கு இந்தப் பாஸ் இப்போது பெரும்பாலும் பழக்கத்துக்காகக் கட்டும் பணம்தான். ஃப்ளோரிடாவிலேயே வசிப்பவருக்குக் கணக்கு வேறு. 2021-இல் 399 டாலரில் தொடங்கிய பிக்ஸி டஸ்ட் பாஸ் அந்த மாநிலத்தவருக்கு மட்டும் உரியது. வார இறுதிகளும் பண்டிகை நாட்களும் அதில் செல்லாது, விலையும் பின்னர் கூடியிருக்கிறது. ஆயினும் வேலைநாளின் மாலையில் காரில் போய் வரக்கூடிய தூரத்தில் வீடு இருந்தால் இன்றும் அதைவிட நல்ல பேரம் அந்த நிறுவனத்தில் இல்லை.

குறைகளைச் சொல்லிக்கொண்டே பாஸைப் புதுப்பிப்பவர்கள் நிறையப் பேர். சொன்னால் நிறுவனம் திருந்தும் என்று அவர்கள் நம்புகிறார்கள். நடந்தவற்றைப் பார்த்தால், நிறுவனத்தின் காதில் விழுவது வருகையின் எண்ணிக்கைதான் என்று தோன்றுகிறது. 2022-இல் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் என்ற கேளிக்கைப் பூங்கா நிறுவனம் தள்ளுபடிகளை வெட்டி விலையை உயர்த்தி, குறைவான ஆட்களிடமிருந்து அதிகப் பணம் வாங்கும் கொள்கையைக் கையில் எடுத்தது. முந்தைய ஆண்டில் சுமார் 2.77 கோடியாக இருந்த வருகை 2.05 கோடியாக விழுந்தது. தலைக்கு வந்த வருவாய் கூடியும் மொத்த வருவாய் குறைந்தது. அந்தப் பாடம் உடனே எட்டியது. டிஸ்னியில் நிலைமை வேறு. 2022 நவம்பரில் தலைமைப் பொறுப்புக்குத் திரும்பிய பாப் ஐகர், லாபத்தைப் பெருக்கும் ஆர்வத்தில் சில விலைகளில் சற்று மிதமிஞ்சிப் போயிருக்கலாம் என்று 2023-இல் ஒப்புக்கொண்டார். விடுதிகளில் இரவு வாகன நிறுத்தக் கட்டணம் நீக்கப்பட்டது. ஆனால் அதற்குப் பிறகும் சீட்டு விலை ஏறாமல் நிற்கவில்லை. 2024 நிதியாண்டில் பூங்காக்களும் கப்பல்களும் அடங்கிய பிரிவு 900 கோடி டாலருக்கு மேல் செயல்பாட்டு லாபம் ஈட்டியது. நிறுவனத்தின் மொத்தச் செயல்பாட்டு லாபத்தில் பாதிக்கும் மேல் அது. தொலைக்காட்சித் தொழில் தேய்ந்துவரும் காலத்தில் இந்தப் பிரிவின் கையைத் தளர்த்த எந்தத் தலைமைக்கும் எளிதில் மனம் வராது. ஆகவே விலை இறங்கும் என்று காத்திருப்பதை ஒரு தெரிவாகவே நான் எண்ணவில்லை.

பாஸை விட்டுவிட்டு மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை போவது இரண்டாவது தெரிவு. இதைப் பலர் தோல்வியாகப் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. பழைய ரசிகரிடம் புதியவரிடம் இல்லாத இரண்டு வசதிகள் உண்டு: எல்லா ரைடையும் ஒரே பயணத்தில் முடித்தாக வேண்டும் என்ற அவசரம் அவருக்கு இல்லை, பிள்ளைகள் வளர்ந்துவிட்டிருந்தால் பள்ளி விடுமுறையைப் பார்த்துப் பயணம் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இன்றைய விலைமுறை, விடுமுறை நாளில் வந்தாக வேண்டியவரிடம் அதிகமாகவும் மற்றவரிடம் குறைவாகவும் வாங்கும்படி அமைக்கப்பட்டது. மேஜிக் கிங்டமின் ஒரு நாள் சீட்டு 2015-இல்தான் முதன்முறையாக 100 டாலரைத் தாண்டி 105 ஆனது. 2025-இன் உச்ச நாட்களில் அது 199. கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் இந்த இடைவெளி இன்னும் தெளிவு: மிகக் குறைந்த விலைச் சீட்டு 2019 முதல் 104 டாலரிலேயே நிற்கிறது, உச்ச விலையோ 2025 அக்டோபரில் 224 டாலருக்குப் போய்விட்டது. கீழ்ப்படி அசையாமல் மேல்படி மட்டும் ஏறும்போது, நாளைத் தேர்ந்தெடுக்க முடிந்தவருக்கு உண்மையில் விலை ஏறவே இல்லை. விலைவாசியோடு ஒப்பிட்டால் இறங்கியிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

இங்கேதான் ஃப்ளோரிடா ரசிகர்கள் பலர் கணக்கில் எடுத்துக்கொள்ளாத, டிஸ்னிலேண்ட் இருக்கும் அனஹைம் நகரம் முன்னே வருகிறது. 1955 ஜூலை 17-இல் திறக்கப்பட்ட அந்த மூலப் பூங்கா சிறியது. அதன் வாயிலுக்கு எதிரிலேயே இரண்டாவது பூங்காவின் வாயில். பேருந்துக்கும் படகுக்கும் காத்திருந்து ஒரு பூங்காவிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஃப்ளோரிடா அலைச்சல் அங்கே இல்லை. அக்கம்பக்கத்தில் நடந்து போகும் தூரத்தில் டிஸ்னிக்குச் சொந்தமில்லாத, அளவான வாடகை உள்ள விடுதிகள் வரிசையாக இருப்பதால், விடுதிச் சலுகைகள் போனதைப் பற்றி அங்கே யாரும் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஃப்ளோரிடாவில் மூடப்பட்ட ஆற்றின் மூத்த வடிவம், மார்க் ட்வைன் படகோடு, அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. சீட்டோடு பூங்கா முன்பதிவும் செய்ய வேண்டும், விரைவு வரிசைக்கும் கட்டணம் உண்டு என்பவை குறைகள்தான். இருந்தும் இரண்டு மூன்று நாட்களுக்குள் நிறைவான ஒரு பயணம் முடிந்துவிடுகிறது என்பதால் மொத்தச் செலவு ஃப்ளோரிடாவின் ஒரு வாரத்தோடு ஒப்பிடவே முடியாத அளவு குறையும்.

யுனிவர்சலுக்கு மாறுவதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் கோபத்தில் எடுக்கப்படும் முடிவுகளில் இதுவே அதிகம். 2025 மே 22-இல் திறக்கப்பட்ட எபிக் யுனிவர்ஸ், அமெரிக்காவில் நெடுநாளுக்குப் பின் எழுந்த முற்றிலும் புதிய பெரிய பூங்கா. தொழில்நுட்பத்திலும் அரங்க அமைப்பிலும் டிஸ்னியைத் திணறவைக்கக்கூடியது. ஆனால் மலிவானதில்லை: தொடக்கத்தில் ஒரு நாள் சீட்டு 139 முதல் 199 டாலர் வரை, டிஸ்னியின் விலைகளுக்குப் பக்கத்திலேயே. அந்த நிறுவனத்தின் மூன்று உயர்தர விடுதிகளில் தங்கினால் இரண்டு பழைய பூங்காக்களிலும் விரைவு வரிசை இலவசம்; ஃபாஸ்ட்பாஸ் காலத்து நிம்மதிக்கு அருகில் வருவது இதுதான், ஆனால் எபிக் யுனிவர்ஸில் அது செல்லாது, விடுதி வாடகையும் அதற்கேற்ப இருக்கும். பழையவற்றை இடிப்பதிலும் யுனிவர்சல் தயங்கியதில்லை: ரசிகர்கள் போற்றிய, சுறாப் படமான ‘ஜாஸ்’ (Jaws) பெயரிலான ரைடு 2012 ஜனவரியில் மூடப்பட்டு அந்த இடத்தில் ஹாரி பாட்டரின் டயகன் ஆலி எழுந்தது. டிஸ்னியின் மேல் உள்ள வருத்தத்தால் அங்கே போகிறவர் பத்தாண்டு கழித்து அதே வருத்தத்தை அங்கேயும் சந்திப்பார். புதிய ரைடுகளுக்காகப் போகலாம். புகலிடமாக எண்ணிப் போகக்கூடாது.

டோக்கியோ, பழைய ரசிகர்களின் பேச்சில் ஏறத்தாழ புண்ணியத்தலம். 1983 ஏப்ரல் 15-இல் திறக்கப்பட்ட டோக்கியோ டிஸ்னிலேண்டும் 2001-இல் வந்த டிஸ்னிசீயும் டிஸ்னிக்குச் சொந்தமானவை அல்ல. ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம் உரிமத்தொகை செலுத்தி நடத்துகிறது. பராமரிப்புக்கும் பணியாளர் எண்ணிக்கைக்கும் எவ்வளவு செலவிடுவது என்று தீர்மானிப்பது அந்த நிறுவனம்தான் என்பதால், ஃப்ளோரிடாவில் வெட்டப்பட்ட பல நுணுக்கங்கள் அங்கே நிலைத்திருக்கின்றன. டாம் சாயர் தீவும் படகும் அங்கே உண்டு. அமெரிக்காவின் இரண்டு பூங்காக்களிலும் 2023-இல் மூடப்பட்ட ஸ்பிளாஷ் மவுண்டன் என்ற ரைடும் உண்டு. கறி மணக்கும் சோளப்பொரிக்குக்கூட மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். 2023 அக்டோபர் முதல் ஒரு நாள் சீட்டு 7,900 முதல் 10,900 யென் வரை. ஒரு டாலருக்கு 150 யென் என்று வைத்துக்கொண்டால் உச்ச விலையே சுமார் 73 டாலர். மேஜிக் கிங்டமின் உச்ச விலையில் பாதிகூட இல்லை. இந்த ஒப்பீட்டைப் பார்த்ததும் பலர் பயணச்சீட்டு எடுத்துவிடுகிறார்கள். ஆனால் அந்த மலிவு டாலரில் சம்பாதிப்பவருக்கு மட்டும்தான். திறந்தபோது 3,900 யென்னாக இருந்த சீட்டு யென் கணக்கிலேயே ஏறத்தாழ மூன்று மடங்காகிவிட்டது. ஆண்டு பாஸ்கள் 2020-இல் நிறுத்தப்பட்டுத் திரும்பவில்லை. 2022 மே முதல் விரைவு வரிசைக்கும் கட்டணம் வந்துவிட்டது. ஜப்பானிய ரசிகர்களிடம் கேட்டால் ஃப்ளோரிடாவில் கேட்கும் அதே புலம்பலைக் கேட்கலாம். அங்கேயும் பழையது அப்படியே காக்கப்படுவதில்லை: ஸ்பேஸ் மவுண்டன் என்ற ரைடு 2024 ஜூலையோடு மூடப்பட்டு முற்றிலும் புதிதாகக் கட்டப்பட்டுவருகிறது. ஆக, அமெரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து போகிறவருக்கு விமானக் கட்டணம் சீட்டு மிச்சத்தையெல்லாம் விழுங்கிவிடும். ஜப்பானைப் பார்க்கும் ஆசை முன்பே இருந்து, அதில் இரண்டு மூன்று நாட்களைப் பூங்காக்களுக்கு ஒதுக்கினால் இதைவிடச் சிறந்த தெரிவு கிடையாது. பூங்காக்களுக்காக மட்டும் போவது, ஒருமுறைக்கு மேல் கட்டுபடியாகாது.

கடைசித் தெரிவைப் பெரும்பாலான டிஸ்னி ரசிகர்கள் பொருட்படுத்துவதேயில்லை. பென்சில்வேனியாவின் எலிஸ்பர்க் ஊரில் 1926 முதல் இயங்கும் நோபல்ஸ் பூங்காவில் நுழைவுக் கட்டணமும் இல்லை, வாகன நிறுத்தக் கட்டணமும் இல்லை. ஏறுகிற ரைடுக்கு மட்டும் சீட்டுக் கொடுத்தால் போதும். பேரன் பேத்திகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு மர நிழலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் அங்கே யாரும் காசு கேட்பதில்லை. டெக்சாஸில் கைவிடப்பட்டிருந்த மரத்தாலான ஒரு ரோலர் கோஸ்டரைப் பெயர்த்துக் கொண்டுவந்து 1985-இல் அங்கே மறுபடி நிறுத்தினார்கள். ஃபீனிக்ஸ் என்ற பெயரில் இன்றும் அது ஓடுகிறது. இண்டியானாவின் ஹாலிடே வேர்ல்டில் 2000-ஆம் ஆண்டு முதல் குளிர்பானங்கள் இலவசம். வாகன நிறுத்தமும் வெயிலுக்குப் பூசும் களிம்பும் இலவசம். இரண்டும் குடும்பங்களின் கையில் இருப்பவை. காலாண்டுக்கு ஒருமுறை பங்குச்சந்தைக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாதது இந்தத் தாராளத்துக்கு ஒரு முக்கியக் காரணம் என்றே கருதுகிறேன். இவற்றில் டிஸ்னியின் கதைசொல்லல் இருக்காது, அந்த அரங்க நேர்த்தி இருக்காது, குளிர்காலத்தில் ரைடுகள் ஓடாது. ஆனால் டிஸ்னியில் விரைவு வரிசைக்கு நேரம் பிடிக்கத் தேவைப்படும் கைபேசியை, இங்கே உள்ளே நுழைந்தபின் பையிலேயே வைத்திருக்கலாம். ஆண்டு பாஸ் ஒரு காலத்தில் தந்த அந்தத் திட்டமிடாத நாள் இப்போது கிடைப்பது இங்கேதான்.

ஆகவே என் வரிசை இப்படி அமைகிறது. ஆர்லாண்டோவுக்குக் காரில் போகும் தூரத்தில் இருப்பவர், இருப்பதிலேயே மலிவான பாஸை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடலாம். தொலைவில் இருப்பவர் பாஸைக் கைவிட்டு, ஆண்டுதோறும் அருகிலுள்ள சிறிய பூங்கா ஒன்றுக்குப் போய்வந்து, மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நெரிசல் குறைந்த பருவத்தில், ஃப்ளோரிடாவைவிட அனஹைமையே தேர்ந்தெடுப்பது நல்லது. ஜப்பான் பயணம் எப்போதாவது வாய்த்தால் டோக்கியோவை அதோடு சேர்த்துக்கொள்ளலாம். எபிக் யுனிவர்ஸுக்கு அவசரமே இல்லை; புதுமை சற்று ஆறியபின் போனால் கூட்டமும் குறையும், ரைடுகளும் சீராக ஓடும்.

பேரக்குழந்தைகள் உள்ளவர் மட்டும் இந்த வரிசையில் ஒரு திருத்தம் செய்துகொள்ளலாம். டிஸ்னியின் அமெரிக்கப் பூங்காக்களில் 3 வயது நிரம்பாத குழந்தைக்குச் சீட்டு வேண்டாம் என்பதற்காகவே பலர் அந்த வயதுக்குள் அவசரமாக அழைத்துப் போகிறார்கள். குழந்தைக்குப் பின்னால் எதுவும் நினைவிருக்காது, பெரியவர்களின் செலவோ ஒரு காசும் குறையாது. மேஜிக் கிங்டமின் ஸ்பேஸ் மவுண்டனில் ஏறக் குறைந்தது 112 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். குழந்தை அந்த உயரத்தைத் தொடும் ஆண்டுக்கு அந்தப் பெரிய பயணத்தை ஒத்திவைத்து, அதுவரை பாஸுக்குக் கட்டியிருக்கக்கூடிய பணத்தைச் சேர்த்துவைத்தால், அந்த ஒரு பயணத்தில் விடுதியையும் விரைவு வரிசையையும் விலை பார்த்துத் தயங்காமல் வாங்கலாம்.